தூசி தின்கிறவன்

ஏழு மாடுகள், ஒரு குதிரை, ஒரு ஆள்.
அவ்வளவுக்குத்தான் நிதி சேர்ந்தது.
கான்சாஸில், மெர்சர் ஃபோர்க் சதுக்கத்தில்
வெண்கலமாய் நடந்துகொண்டிருக்கிறார்கள்
நாற்பது அடிக்குள்ளேயே, பதினோரு வருடமாய்.

அக்டோபர்தோறும் மெழுகு பூசுகிறவள் நான்.
நகராட்சிச் சம்பளம். ஏணி, பழந்துணி, ஒரு பல் தூரிகை.
கொம்பிடுக்கில் குருவி விட்டுப்போன வைக்கோலை எடுப்பேன்.
குதிரையின் நாசியில் யாராவது
சூயிங்கம் ஒட்டியிருப்பார்கள், அதையும்.

முகம் யாருடையது என்பதில்தான் சண்டை.
ஹாக்கடே குடும்பம் பணம் கொடுத்தது:
எங்கள் கொள்ளுப்பாட்டன் கார்னீலியஸ்,
மூக்கு இப்படி, இதோ புகைப்படம்.
டில்லிஸ் சகோதரிகள் எழுந்தார்கள்:
சங்கிலி கழன்ற மறுவருடமே
எங்களவன் சேணம் ஏறினான், கூலிச்சீட்டு இருக்கிறது.
அரம்பீதே வீட்டார் எதுவும் கொண்டுவரவில்லை.
நீங்கள் வீசுகிற கயிற்றுக்கே
எங்கள் பாஷையில்தான் பேர் என்றார்கள்,
உட்கார்ந்துவிட்டார்கள்.

சிற்பி ஆஸ்ட்ராண்டர் அம்மாள் மூன்று கூட்டம் கேட்டாள்.
நான்காவதுக்கு அவள் வரவில்லை,
களிமண் மாதிரி மட்டும் வந்தது.
தொப்பியைத் தூக்கி முன்னே போகிறவன் இல்லை.
மந்தைக்குக் கடைசியில் வருகிறவன்,
அத்தனை குளம்புகளின் தூசியும் தின்கிறவன்.
கைக்குட்டை கண்ணுக்குக் கீழ்வரை.
இமையிலும் மண்.

நிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நடுவதுண்டு.
இவன் மீட்கவில்லை, சாகவுமில்லை.
மாதம் முப்பது டாலருக்கு
விற்கிற இடம்வரை ஓட்டிக்கொண்டு போனான்.

"இதற்கா இவ்வளவு?" என்றார் மேயர்.
திரை விழுந்த அன்று ஒவ்வொருவரும் அண்ணாந்து
தம்மவனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.
பல் மருத்துவர்கூட. அவருக்கும் மாட்டுக்கும்
பாலாடைக்கட்டியைத் தவிர உறவு கிடையாது.

போன பிப்ரவரியில் உறைமழை.
இறைச்சி ஆலைக்குப் போன லாரி
நெடுஞ்சாலையில் சரிந்து
முப்பத்தெட்டு மாடுகள் ஊருக்குள் வந்தன.
வந்து, வெண்கலத்துக்கு நடுவே நின்றன.
எல்லா முதுகிலும் ஒரே பனி.
எது மூச்சு விடுகிறதோ அது மாடு.

ஷெரீஃபின் ஆட்கள் விளக்கடித்தார்கள், கத்தினார்கள்.
கார்னீலியஸின் கொள்ளுப்பேரன்
பிக்கப்பில் வந்து ஹார்ன் அடித்தான்.
வங்கிக் கண்ணாடியில் தன்னையே கண்டு
ஒரு மாடு முட்டியது.

இரவு ஷிப்ட் முடிந்து குலேத் நடந்து வந்தான்.
ஆலையில் விலா அறுக்கிறவன்.
சோமாலியாவில் அவன் வீட்டில் எத்தனை ஒட்டகம் என்று
நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.
விளக்கை அணையுங்கள் என்றான்.
அந்த சைரனையும்.
குளிருக்குச் சால்வையைக்
கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துக் கட்டினான்.
மேலண்ணத்தில் நாக்கைத் தட்டி ஒரு சத்தம்,
தண்ணீர் சொட்டுகிற மாதிரி.
பின்னால் போய், கடைசியில் நின்றான்.

நடந்தது மந்தை.

எங்கே ஓட்டினான் என்று கேட்பீர்கள்.
ஆலைக்குத்தான், வேறெங்கே. இரண்டரை மைல்.
வாசலில் காவலாளி
அடையாள அட்டை கேட்டானாம்.

விடிந்து நான் சாணம் அள்ளினேன். இன்னும் ஆவி பறந்தது.
மூன்றாவது வெண்கல மாட்டின் விலாவில்
சாலைக்குத் தூவிய உப்பு தெறித்திருந்தது போல.
அதை ஏதோ ஒன்று இரவெல்லாம் நக்கியிருக்கிறது.
மெழுகும் அதன் கீழ்ப் பழுப்பும் போய்
நாக்கின் அகலத்துக்கு உலோகம் மஞ்சளாய் நிற்கிறது.

அமிலம் பூசிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும்படி
மார்ச்சில் கடிதம் வந்தது.
மேசையில்தான் இருக்கிறது,
அதன்மேல் காப்பிக் கோப்பை வைக்கிறேன்.